முழங்கை மடிப்பில் ஒளிந்திருந்த ரகசியம்: யார் இந்த வில்லியம் ஹார்வி?

ரத்தப் பரிசோதனைக்குப் போனால், மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்குவாங்க. உடனே முழங்கை மடிப்பில் ஒரு குழாய் புடைக்கும். பலரும் அதை ‘நரம்பு’ என்பார்கள். உண்மையில் அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அது ஏன் புடைக்குது? அதற்கான பதில்தான் 400 ஆண்டுகளுக்கு முன் மருத்துவத்தையே புரட்டிப்போட்டது.

பழைய நம்பிக்கை

1578-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனில் பிறந்தவர் ஹார்வி. இத்தாலியின் பதுவாவில் மருத்துவம் படித்தார். சிரைக்குள் வால்வுகள் இருப்பதை அங்கே காட்டியவர் அவருடைய ஆசிரியர் ஃபேப்ரிசியஸ். கைகால்களில் ரத்தம் தேங்காமல் தடுக்கத்தான் அவை என்று அவர் நினைத்தார்.

லண்டன் திரும்பிய ஹார்வி, மன்னர்களின் மருத்துவர் ஆனார். கல்லீரல் உணவிலிருந்து ரத்தம் தயாரிக்குது, உடம்பு அதைச் செலவழிச்சிடுது என்றே அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் ரத்தமே உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம். அப்படின்னா, அதே ரத்தம்தான் சுற்றி வரணும்.

கையில் ஒரு கட்டு

நிரூபிக்க, மேல்கையை இறுக்கிக் கட்டினார். நாடி நின்றது, கை ஜில்லிட்டது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆழத்தில் உள்ள தமனி வழியாக ரத்தம் கைக்குள் வந்தது. மேலாக ஓடும் சிரை அடைபட்டதால் திரும்ப முடியவில்லை. கை வீங்கியது, சிரைகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தன. அந்த முடிச்சுகள்தான் வால்வுகள். ரத்தத்தை விரலால் கீழ்நோக்கித் தள்ளினால் வால்வைத் தாண்டவில்லை. மேல்நோக்கி சுலபமாகப் போனது. ஒருவழிப் பாதை!

கொடுத்த விலை

1628-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். கடும் எதிர்ப்பு வந்தது; அவரைத் தேடி வரும் நோயாளிகளும் குறைந்தார்கள். 1642-ல் உள்நாட்டுப் போரின்போது வீடு சூறையாடப்பட்டு, பல ஆண்டு ஆய்வுக் குறிப்புகள் போயின.

தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிக் கடக்குது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1657-ல் இறந்தார். 1661-ல் மால்பீகி, தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். விடுபட்ட கண்ணி கிடைத்தது.

இன்னைக்கும் ஏன் அதே இடம்?

முழங்கை மடிப்பில் சிரை தோலுக்கு மிக அருகில் இருக்கு. அதனால் ஊசி போடுவது சுலபம். அதற்கு அடியில் தமனியும் நரம்பும் ஓடுவதால், ஊசி ஆழமாகப் போகக் கூடாது. பிபி பார்க்கும்போது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பது அந்தத் தமனியின் சத்தத்தைத்தான். பட்டையைக் காற்றால் இறுக்கி, மெல்லத் தளர்த்துறாங்களே, அது ஹார்வி போட்ட கட்டுக்குச் சொந்தம்தான்.