ஸ்கான் படத்துக்குப் பின்னால் ஒரு பேராசிரியர்

சென்ற வருடம் என் தம்பி மாமரத்தால் விழுந்து தலையில் அடிபட்டபோது, தண்ணீரூற்றிலிருந்து வெளிமாவட்ட வைத்தியசாலை ஒன்றுக்கு அவனைக் கொண்டு ஓடினோம். சீ.ரீ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார்கள். சின்னப் பிள்ளைக்குக் கதிர் கூடிவிடாதா என்று உம்மா பயந்து கேட்டார். பிள்ளைகளுக்குக் கதிரைக் குறைத்துத்தான் எடுப்போம், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும் என்று அங்கிருந்தவர் விளக்கினார். அல்ஹம்துலில்லாஹ், தம்பிக்கு ஒன்றுமில்லை. அந்தப் புள்ளிகள் ஏன் விழுகின்றன என்று தேடப்போய்த்தான் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனை அறிந்துகொண்டேன்.

அவர் 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் படித்தபின், 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மின் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகவியலுக்கே திருப்பிவிட்டார். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952இல் முப்பது வயது நிரம்பு முன்பே சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைத் தலைவரானார். நமது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எடுத்துக்காட்டினார். புரதங்களின் வடிவத்தை ஆராய்வோர் 1963இல் வெளியான இராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்கான் கருவி தலையைச் சுற்றிவந்து பல கோணங்களில் எக்ஸ் கதிரை அளக்கிறது. அந்த அளவுகளை அப்படியே திரும்பப் பரப்பினால் மங்கலான நிழல்தான் கிடைக்கும். பரப்புவதற்கு முன் ஒவ்வோர் அளவையும் ஒரு கணித வடிகட்டியில் இட்டால், நீண்ட கணக்குகள் இல்லாமலே உருவம் துலங்கும் என்று 1971இல் இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் காட்டினார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதை ராம்-லக் வடிகட்டி என்பர். பிற்காலத்தில் பல வருடங்களாக உலகின் பெரும்பாலான ஸ்கான் கருவிகள் இவ்வகை முறையிலேயே இயங்கின.

ஆனால் அந்த வடிகட்டி நுண்ணிய விளிம்புகளைத் தூக்கிக் காட்டும்போது, இரைச்சல் எனப்படும் புள்ளிகளையும் சேர்த்தே தூக்கிவிடும். கதிர்த் துணிக்கைகள் மழைத்துளிபோல ஒழுங்கின்றி விழுவதால் வருவது அந்த இரைச்சல். அதைப் பாதியாக்கக் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஆகாது. இப்போது வந்துள்ள நிறமாலை ஸ்கானில் கதிரைச் சக்திவாரியாகப் பிரித்து, கல்சியம் எது, அயடீன் எது என்று அறியலாம். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பங்குக்கும் துணிக்கைகள் குறைந்து இரைச்சல் கூடுகிறது. எலும்பின் விளிம்பு எல்லாப் பங்குகளிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆகவே ஒன்றின் துணையுடன் மற்றதைத் துலக்குகிறார்கள். அளவுமீறித் துடைத்தாலோ சிறிய இரத்தக் கசிவும் மறைந்துபோகலாம். தம்பியை நினைத்தால் அந்த எச்சரிக்கையின் பாரம் எனக்குப் புரிகிறது.

1979இல் ஸ்கானுக்கான நோபல் பரிசு கோர்மாக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் கிடைத்தது. இராமச்சந்திரன் நோபல் பெறாமலே, முதுமையில் நடுக்குவாத நோயால் துன்புற்று, 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் காலமானார்.

கணிதம் எதற்கு உதவும் என்று சலித்துக்கொள்ளும் தங்கைமாரே, கடதாசியில் போட்ட ஒரு கணக்கு, எங்கோ ஓர் உம்மாவின் கண்ணீரைத் துடைக்க உதவியிருக்கிறது. இரைச்சலை இன்னும் குறைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அதை நம்மில் ஒருத்தி செய்யட்டும்.