துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுக்காரர் உலகின் இரு கோடிகளில் வாணிகம் நடத்தினர். வட அமெரிக்கக் காடுகளிலே விலங்குகளின் மென்மயிர்த் தோல் கொண்டனர்; சோழமண்டலக் கரையிலே நம்மவர் நெய்த துணி கொண்டனர். ஈரிடத்தும் அவ்வாணிகத்தில் ஈடுபட்டோர் எழுதிவைத்த ஏடுகள் பிற்காலத்தார்க்குச் சரித்திரமாய் உதவின. அவற்றுள் தமிழில் எழுந்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அதனை எழுதியவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிலே பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. இவர்தம் மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியிலே பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாய் விளங்கினமையின், குடும்பமும் அங்குச் சென்று குடியேறிற்று. துபாஷி என்பதற்கு இருமொழி வல்லான் என்பதே சொற்பொருள். ஆயினும் மொழிபெயர்த்தல் அவர் தொழிலில் ஒரு சிறு கூறே. நெசவாளர்க்கு முன்பணம் செல்லுதலும், கப்பல் புறப்படுமுன் சரக்கு வந்து சேர்தலும், குடிகளின் வழக்கும், நவாபுகளுக்குச் செல்லும் காணிக்கையும் அவர் பார்வையிலேயே நடந்தன. இத்துணைப் பெரும் பதவி பகையின்றி நில்லுமோ? நைனியப்பர் 1716-இல் சிறைப்பட்டார், பொருளும் பறிமுதலாயிற்று, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு தேசஞ் சென்று நியாயங் கேட்டார். தந்தைமேல் வந்த தீர்ப்பு அங்கே மாற்றப்பட்டது. ஆண்டுக் கிறிஸ்தவராகி, செவாலியே பட்டமும் பெற்று மீண்டு, துபாஷியாயிருந்து 1724-இல் இறந்தார். தம் குடும்பம் உயர்ந்ததையும் வீழ்ந்ததையும் மீண்டும் உயர்ந்ததையும் பதினைந்து வயதுக்குள் கண்டவர் ஆனந்தரங்கர். பிற்காலத்தில் அவர் வாய் அடக்கிக் கை ஓயாது எழுதியதற்கு இதுவே காரணமாகலாம் என யாம் கருதுகின்றோம்.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் நாட்குறிப்புத் தொடங்குகின்றது. வந்த கப்பல், முழங்கிய பீரங்கி, துணியின் விலை, கண்ட கனா, சோதிடன் சொல், குவர்னர் வீட்டுச் சச்சரவு ஆகிய யாவும் அதிலே இடம்பெற்றன. அதன் நடை புலவர் நடையன்று. புதுச்சேரித் தெருவிலே வழங்கிய பேச்சு நடை. இலக்கணங் கற்கும் எம்மனோர் முதலிற் சிறிது முகஞ்சுளிப்பினும், நான்கு பக்கம் படித்தபின் கீழே வையார்.

1742-இல் தூப்ளேக்சு குவர்னரானார். கிறிஸ்தவராகிய தலைமைத் துபாஷி கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின், பாதிரிமாரும் குவர்னரின் மனைவியாரும் விரும்பாதிருந்தும் அப்பதவி ஆனந்தரங்கரை வந்தடைந்தது. அவருக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையிலே, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரிமார் பல ஆண்டுகளாய் வேண்டிநின்றது முற்றுகைக் குழப்பத்தில் நிறைவேறிற்று. நகரத்து இந்துக்களுக்குத் தலைவராயிருந்தும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. அலுவலிலே அமைதி காத்தவர், ஏட்டிலே தம் மனவேதனையை ஒளியாது எழுதினார். கிறிஸ்தவராகிய யாம் அப்பகுதியை நாணமின்றிப் படித்தல் அரிது. அவர் பணிந்து போனதைக் குறைகூறுவாருமுளர். ஆயின் நைனியப்பரின் முடிவை அறிந்தவர் அவர் என்பதனை யாம் மறத்தலாகாது.

முசாபர் சங்கு அவர்க்குப் பட்டமும் விருதும் அளித்தான். புலவர் பலர் அவரைப் பாடிப் பரிசில் பெற்றனர். தியாகராய தேசிகரின் ஆனந்தரங்கன் கோவை அவ்வாறு எழுந்ததே. 1754-இல் தூப்ளேக்சு திரும்பியழைக்கப்பட்டபின் செல்வாக்குத் தேய்ந்தது, பின்னர்ப் பதவியும் நீங்கிற்று, நோயும் வாட்டிற்று. ஆயினும் குறிப்பு நிற்கவில்லை. 1760-இல் மொந்திரியால் நகரம் வீழ, பிரெஞ்சுக்காரர் கானடாவை இழந்தனர். அதே போரில் 1761-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே ஆனந்தரங்கர் கண்மூடினார்.

வென்றவர் நகரை இடித்தனர். ஆயினும் ஏடுகள் பிழைத்தன. எம் குச்சனூர்ப் பக்கத்திலும் பரணிற் கிடந்த பழஞ்சுவடிகள் கறையானுக்கு இரையாதலும், ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போதலும் பெரியோர் சொல்லக் கேட்டதே. பிள்ளையவர்கள் குடும்பத்தாரோ அக்காகிதங்களை எண்பத்தைந்து ஆண்டு வீட்டிலேயே காத்தனர். அவருக்குப்பின் சிலர் தாமும் நாட்குறிப்பு எழுதினர். 1846-இல் கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுக்கத் தொடங்கினார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. மூலத்தமிழ் புதுச்சேரியிலே அச்சேறத் தொடங்கியது 1948-ஆம் ஆண்டிலேதான். மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்று இருபது ஆண்டு கழிந்தபின்னரே, தமிழர் அதனைத் தம் மொழி நூலாகக் கையில் ஏந்தினர்.