போப்பையரின் 'யு'

ஜி.யு. போப் என்றால் தெரியாத தமிழன் கிடையாது. ஆனால் அந்த 'யு' என்ன என்று நம் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். அவங்க அப்பா பேரா இருக்கும்ப்பா என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கம் அப்படி!

அப்பா பெயர் ஜான் போப். அதில் 'யு' ஏது? அது அம்மா பிறந்த வீட்டின் குடும்பப் பெயர். காதரின் உக்லோ, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், ஸ்ட்ராட்டன் என்ற ஊர்க்காரர். உக்லோ என்பது அந்த வடகார்ன்வால் வட்டாரத்துப் பெயர். ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி தடுக்கி விழுந்தால் தட்டுப்படுகிற பெயரல்ல, சில குடும்பங்களோடு சரி. பிழைப்புக்காகக் கப்பலேறியவர்களோடு கனடாவுக்கும் போயிற்று.

பேட்ஸ்டோ ஊர் வியாபாரியான ஜான் 1818-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குக் குடிபெயர்ந்தார். மூத்த மகன் ஜார்ஜ் அங்கேதான் 24-4-1820 அன்று பிறந்தார். கல்யாணமாகிப் போன பெண்ணின் குடும்பப் பெயர் அவளோடு நின்றுவிடும். அதனால் பிள்ளையின் பெயருக்கு நடுவில் அதைச் செருகி வைப்பது வெள்ளைக்காரர்களிடம் உண்டு. ஜார்ஜுக்கு அது வாய்த்தது. தம்பிக்கு வாய்க்கவில்லை, அவர் வில்லியம் பர்ட் போப். 1826-இல் குடும்பம் இங்கிலாந்துக்கே, பிளிமத்துக்குத் திரும்பிவிட்டது.

ஜார்ஜ் 1839-இல், பத்தொன்பது வயதில், பாதிரியாராக இங்கே வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று ஏறக்குறைய நாற்பது வருஷம். வாத்தியாராக ரொம்பக் கண்டிப்பு என்று பெயர்! நம் பெரியவர்களுக்கு அவர் போப்பையர்தான். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், நாலடியார் 1893-இலும், திருவாசகம் 1900-இல் அவருடைய எண்பதாவது வயதிலும் வந்தன. மூன்றிலும் முகப்பில் அந்த 'யு' இருக்கிறது.

பார்க்கத்தான் அம்மா இல்லை. காதரின் 1867-லேயே காலமாகிவிட்டார். குறள் வர இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தது.

போப் 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார், அடக்கமும் அங்கேதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கார்ன்வாலிலேயே அதிகம் பேருக்கு இல்லாத பெயரின் முதல் எழுத்தை இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள், என்னவென்று தெரியாமலே, பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறார்கள்.