கொசுவின் வயிற்றில் கறுப்பு மணிகள்

மாலை மயங்கினால் கொசுவின் ரீங்காரம் கேட்காத ஊர் உண்டா? காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரி ஆனாலும் சரி, கல்கத்தா ஆனாலும் சரி, கொசு கொசுதான். அந்தக் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்தே உலகப் புகழ் அடைந்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ். அவரால் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றும் அதே வயிற்றில்தான் இருந்தது!

ராஸ் 1857-ல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். தகப்பனார் ராணுவ அதிகாரி. பையனுக்கோ கவிதை எழுத ஆசை. தகப்பனார் பிடிவாதம் வென்றது. மகன் டாக்டர் ஆனார். 1881-ல் ராணுவ வைத்தியராகச் சென்னை ராஜதானிக்கு வந்து சேர்ந்தார்.

மலேரியாக் கிருமியை இரத்தத்தில் முதன்முதலில் கண்டவர் லவெரான். அந்நாளில் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் ராணுவ வைத்தியர். 1880-ல் அல்ஜீரியாவில் கண்டார். ஆனால் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படித் தாவுகிறது? கொசுவின் மீது சந்தேகப்பட்டு ராஸைத் தூண்டிவிட்டவர் லண்டன் டாக்டர் மான்சன்.

சிகந்தராபாத்தில் ராஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. புழுங்கும் அறை. பங்கா இழுத்தால் கீறி வைத்த கொசு பறந்துவிடும்! நெற்றி வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகுகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற நோயாளி கொசுக்கடி பட ஒப்புக்கொண்டார். கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. கடைசியில் 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, அனோபிலிஸ் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கிருமி வளர்வதைக் கண்டார்.

மறு ஆண்டு கல்கத்தாவில் குருவிகளை வைத்துச் சோதித்தார். கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய், கடியின் வழியே பரவுவது நிரூபணமாயிற்று. 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சில கொசுக்களின் உள்ளே கறுத்துத் தடித்த மணிகளையும் ராஸ் பார்த்திருந்தார். கிருமியின் இன்னொரு உருவமோ என்று எண்ணினார். அதன் பின்னால் வெகுவாக அலைந்தும் விடை பிடிபடவில்லை. 1932-ல் லண்டனில் காலமானார்.

விடை பின்னால் வந்தது. கொசுவுக்கும் அந்தக் கிருமி அந்நியன்தான். அதன் உடல் கிருமியைச் சுற்றிக் கறுப்புப் பூச்சுப் பூசி அடைத்துவிடும். நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் மெலனின் இனத்துப் பொருள் அது. ராஸ் கண்ட மணிகள் அப்படி மூடப்பட்ட கிருமிகளே.

எல்லாக் கொசுவுக்கும் இந்த வித்தை கைகூடுவதில்லை. அதனால்தான் மலேரியா பரவுகிறது. 1986-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், பலவகை மலேரியாக் கிருமிகளை இப்படி அடைத்துவிடும் அனோபிலிஸ் வம்சம் ஒன்றைப் பொறுக்கி வளர்த்துக் காட்டினார்கள். அவற்றின் இரைப்பையிலும் கிருமிகள் கறுத்துக் கிடந்தன.