ஸ்கூபா கருவியில் 2 குழாய் எதற்கு? யார் இந்த ழாக் கூஸ்தோ?

புதுச்சேரி கடலில் ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் பயன்படுத்தும் கருவிக்கு முன்னோடியை உருவாக்கியவர்களில் ஒருவர், பிரெஞ்சு கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ. 1910-ல் பிறந்தவர். விமானி ஆகும் கனவு கார் விபத்தோடு போச்சு. உடைந்த கைகள் தேறத்தான் கடலில் நீந்தினார்.

1943-ல் பொறியாளர் எமில் கன்யானுடன் 'அக்வாலங்' கருவியைச் செய்தார். ஆனா, பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனையே சொதப்பல். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு இழுக்கவே சிரமம். காற்று உள்ளே வரும் இடமும், வெளியேறும் இடமும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் காரணம். ஆழம் மாறினால் தண்ணீரின் அழுத்தமும் மாறும். அதனால், விடுகிற மூச்சையும் தனிக் குழாயில் முதுகுப்பக்க ரெகுலேட்டருக்கே கொண்டு போனார்கள். பிரச்சினை தீர்ந்தது, இரட்டைக் குழாய் வந்தது.

லூயி மாலுடன் அவர் இயக்கிய கடலடி ஆவணப்படம் 1956-ல் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. 1997 ஜூன் 25-ல், 87 வயதில் மறைந்தார்.

அந்தப் பழைய கருவிகளோடு இன்றும் கடலுக்குள் இறங்குபவர்கள் உண்டு. அவர்கள் கவனமாகப் பார்ப்பது ரப்பர் குழாயைத்தான். மடிப்புகளை இழுத்து விரித்தால்தான் இடுக்கில் உள்ள வெடிப்பு தெரியும். கவனிக்காம விட்டால், காற்று வரவேண்டிய வாய்க்குத் தண்ணீர் வரும். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடணும். வெயில் ரப்பருக்கு ஆகாது.