ஆவடிக்கு டாங்கி வரக் காரணமான மந்திரி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதித் தரட்டுமா என்றுதான் கேட்டேன். அதையே ஏற்கெனவே நாலைந்து பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வேற ஏதாவது உருப்படியா எழுதுங்க என்றார்கள். உருப்படியாக என்ன எழுதுவது என்று யோசித்தபோது, எங்கள் வீட்டில் நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அடிக்கடி அடிபட்ட ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. வி. கே. கிருஷ்ண மேனன்.

நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆவடி என்றால் டாங்கிதான். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் போகும் யூனிட் வண்டியில் தெரியாமல் ஏறி மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. இன்-பிளான்ட் டிரெயினிங் கடிதத்தை வைத்துக்கொண்டு எச்.வி.எஃப். வாசலில் நின்றவர்களும் உண்டு. அந்தத் தொழிற்சாலை யார் காலத்தில் எதற்காக வந்தது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் முழிப்போம். நானும் முழித்திருப்பேன், என் தாத்தா அங்கே வேலை பார்க்காமல் இருந்திருந்தால்.

தாத்தா 1966-ல் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். பாட்டியின் அண்ணன் ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். 1962-ல் வடகிழக்கு எல்லையில் இருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவரும் திருமுல்லைவாயிலில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மேனனில் வந்து நிற்கும். மேனன் இல்லேன்னா ஆவடியில ஏது ஃபேக்டரி என்பது தாத்தாவின் கட்சி. தேசத்தின் பாதுகாப்பு அந்த ஆள் கையில் போயிருக்கவே கூடாது என்பது பெரியவரின் கட்சி. அன்று நாடு முழுக்கப் பாதிப் பேர் சொன்னதும் அதுதான். இரண்டு பேரில் யார் சரி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்து படித்த பிறகு கொஞ்சம் புரிகிறது.

மேனன் 1896-ல் மலபாரில், கோழிக்கோட்டு வட்டாரத்தில் பிறந்தவர். அன்றைக்கு மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பட்டப் படிப்பு நம் மெரினா கடற்கரை எதிரில் இருக்கிற பிரசிடென்சி கல்லூரியில். பிறகு சென்னை சட்டக் கல்லூரி. படிக்கும்போதே அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் ஈடுபட்டு, அடையாறு பக்கம் போய்விட்டார். 1924-ல் இங்கிலாந்து போனவர், திரும்பி வந்து நிலைக்க ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. லண்டனில் இந்தியா லீக் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்று ஆங்கிலேயர்களிடமே பிரசாரம் செய்தார். பெங்குவின் நிறுவனத்தின் பெலிகன் புத்தகங்கள் 1937-ல் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களில் ஒருவர் இவர். நூலகத்தில் அந்த நீல அட்டைப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் வட்டாரத்தில் பதிமூன்று வருஷம் கவுன்சிலராகவும் இருந்தார். டீ, பிஸ்கட், கைத்தடி, தூக்கமில்லாத ராத்திரிகள், சட்டென்று வரும் கோபம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1947-லிருந்து 1952 வரை லண்டனில் இந்திய ஹை கமிஷனர். ராணுவத்துக்கு ஜீப் வாங்கியதில் தவறு நடந்தது என்று அப்போதே பெரிய சர்ச்சை கிளம்பியது. அந்தப் பேச்சு கடைசி வரை அவரை விடவில்லை. 1953-ல் ராஜ்யசபாவுக்கு வந்தார். எந்த மாநிலத்திலிருந்து தெரியுமா? சென்னை மாநிலத்திலிருந்து. ஆக, கொஞ்ச காலம் அவர் நம் எம்.பி. 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசி மயங்கி விழுந்தவர் இவர்தான். அதே வருஷம் பம்பாயில் நின்று லோக்சபாவுக்கு ஜெயித்தார். ஏப்ரலில் நேரு அவரை ராணுவ மந்திரி ஆக்கினார்.

இங்கே ஒரு விஷயம். ராணுவ மந்திரி என்றால் சண்டையை நடத்துகிறவர் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அரசியல் சட்டப்படி முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம். சண்டை போடுவது தளபதிகள். மந்திரி இடையில் நிற்கிறவர்: படைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, நிதி மந்திரியிடம் பணம் வாங்கி, பார்லிமெண்டில் பதில் சொல்லவேண்டியவர். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நாற்காலியே கிடையாது. தலைமைத் தளபதியே வைசிராய் கவுன்சிலில் உட்கார்ந்து ராணுவ இலாகாவையும் பார்த்துக்கொண்டார். அந்த அதிகாரம் யாருக்கு என்ற சண்டையில்தான் 1905-ல் கர்சன் பிரபு கிச்சனரிடம் தோற்று வைசிராய் பதவியையே விட்டுப் போனார். 1946 செப்டம்பரில் இடைக்கால சர்க்காரில் பல்தேவ் சிங் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றபோதுதான் இந்தியர் ஒருவர், அதுவும் சீருடை போடாத ஒருவர், அங்கே உட்கார்ந்தார். 1952-ல் அந்த இடத்துக்கு வந்தவர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து என். கோபாலசாமி அய்யங்கார், மறு வருஷமே பதவியில் இருக்கும்போதே காலமானார். பிறகு கொஞ்ச நாள் நேருவே பார்த்துக்கொண்டார், பிறகு கட்ஜு. 1955-ல் தலைமைத் தளபதி என்ற பட்டமும் போய், மூன்று படைக்கும் மூன்று தலைவர்கள் என்று ஆனது. மேனன் வருவதற்கு முந்தைய பத்து வருஷத்தில் ராணுவ மந்திரி பதவி பெரிதாகப் பேசப்படவில்லை. இவர் வந்ததும் அது தினம் தினம் பேப்பரில் வர ஆரம்பித்தது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். டி.ஆர்.டி.ஓ. 1958-ல். ஜபல்பூரில் ஜெர்மன் எம்.ஏ.என். கூட்டுடன் சக்திமான் லாரி. கான்பூரில் ஆவ்ரோ விமானம். பெங்களூரில் எச்.எஃப்.-24 மாருத் 1961 ஜூனில் பறந்தது. சைனிக் பள்ளிகள் 1961-ல் தொடங்கின. நம் அமராவதி நகர் பள்ளி 1962 ஜூலை. மிக்-21 விமானத்துக்கு ரஷ்யாவுடன் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே பிடிவாதம்: அடுத்தவனிடம் ஆயுதம் வாங்குகிற நாடு அடுத்தவன் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும், ஆகவே நாமே செய்யணும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் இதே ஆவடியில்தான். அரசாங்கமே தொழிற்சாலை நடத்தலாம் என்பதில் அன்று யாருக்கும் கூச்சம் இல்லை.

ஆவடி என்ற பெயரே ஆங்கில எழுத்துகளின் சுருக்கம், டாங்கி டெப்போ என்று அர்த்தம் என ஒரு கதை சொல்வார்களே, அது சும்மா. டாங்கித் தொழிற்சாலை வருமுன்பே மகாசபை கூடிய ஊர் இது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இங்கே ராணுவ முகாமும் கிடங்குகளும் இருந்தன. சமதரையான நிலம், அரக்கோணம் ரயில் பாதை, துறைமுகம் பக்கம். 40 டன் சாமானை நகர்த்தவேண்டிய தொழிற்சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1961-ல் எச்.வி.எஃப். அமைந்தது. அதே ஆகஸ்டில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியுடன் டாங்கிக்கு ஒப்பந்தம். அதே 1961-ல்தான் இங்கேயே ராணுவ உடைத் தொழிற்சாலையும் வந்தது.

அந்த டாங்கிதான் விஜயந்தா. 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் எல்-60 இன்ஜின். (அந்த இன்ஜின் கொடுத்த தொல்லை பற்றித் தாத்தா ஒரு புராணமே பாடுவார், அதுக்குத் தனி மலர் போடணும்.) ஆவடியில் உருவான முதல் வண்டி 1965-ல் வெளியே வந்தது. 1971 யுத்தத்தில் விஜயந்தா இருந்தது. 1980-களின் தொடக்கம் வரை 2,000-க்கும் மேல் செய்தார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் இங்கிலாந்து உதிரிபாகம், போகப்போக நம்முடையது. அந்த நம்முடையதில் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளின் பங்கு எவ்வளவு என்பது, ஷாப் ஃப்ளோரில் நின்ற சீனியர்களுக்குத் தெரியும். பிறகு டி-72, டி-90, நம் சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் என்று வரிசை நீண்டது.

இவ்வளவும் தாத்தா கட்சி. இனி பெரியவர் கட்சி.

மேனனுக்குத் தளபதிகளோடு ஒத்துப்போகவில்லை. பதவி உயர்வு விஷயத்தில் தலையிடுகிறார் என்று குறை. 1959 ஆகஸ்ட் கடைசியில் ராணுவத் தளபதி திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு பேசித் திரும்பப் பெற வைத்தார். தளபதி சங்கடப்பட்டார், மந்திரி அப்படியே இருந்தார். அதன் பிறகு மாறுபட்ட கருத்தை மந்திரியிடம் சொல்ல எத்தனை அதிகாரிகளுக்கு மனசு வந்திருக்கும்? கௌல் போன்ற, நேருவுக்கு வேண்டியவர் என்று பெயர் எடுத்தவர்கள் மேலே வந்தார்கள். ஆபத்து பாகிஸ்தான் பக்கமிருந்துதான் வரும், சீனா பெரிய சண்டைக்கு வராது என்பதில் மேனனும் நேருவும் உறுதியாக இருந்தார்கள். 1961 டிசம்பரில் கோவா ஒன்றரை நாளில் முடிந்தது. 1962 தேர்தலில் பம்பாயில் ஆச்சார்ய கிருபளானியை மேனன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்தார். எதிரில் யாரும் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 20-ந் தேதி காலை நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை இறங்கியது. நம் ஜவான்கள் கையில் உலகப் போர்க் கால .303 துப்பாக்கி. பலருக்குப் பருத்திச் சீருடை, பெயருக்கு ஒரு கம்பளி. அந்தப் பிரிகேடின் தளபதி டால்வியே கைதியானார். பிற்பாடு அவர் எழுதிய புத்தகம் நம் பழைய நூலகத்தில் இருந்தது, படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். நவம்பரில் சேலா, பொம்டிலா எல்லாம் போனது. பாட்டியின் அண்ணன் பொம்டிலாவிலிருந்து சமவெளிக்கு நடந்தே இறங்கி வந்தவர். எத்தனை நாள் நடந்தார், என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டதுண்டு. பேச்சை மாற்றிவிடுவார்.

தளவாடத் தொழிற்சாலைகள் துப்பாக்கிக்குப் பதில் காபி போடும் மெஷின் செய்துகொண்டிருந்தன என்று பார்லிமெண்டில் கேலி செய்தார்கள். அக்டோபர் 31-ந் தேதி இலாகாவை நேரு தானே எடுத்துக்கொண்டு, மேனனைப் பாதுகாப்பு உற்பத்தி மந்திரி ஆக்கினார். கட்சிக்குள்ளேயே கொதிப்பு அடங்கவில்லை. நவம்பர் 7-ந் தேதி அந்தப் பதவியும் போனது. அவர் இடத்துக்கு சவான் வந்தார். பாதுகாப்பு உற்பத்தி மட்டும் தனி இலாகாவாக நின்றது. ஆவடி அதன் கீழே வளர்ந்தது.

நான் இன்ஜினியர், ராணுவ நிபுணன் இல்லை. ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. புது மெஷின் ஆர்டர் போட்டவர்களுக்குத் தெரியும்: அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து முதல் நல்ல உருப்படி வெளியே வர நாலு வருஷம் என்பது தாமதமே இல்லை. எச்.வி.எஃப். 1961, விஜயந்தா 1965. அந்தக் கணக்கில் மேனன் ஒழுங்காகத்தான் இருந்தார். தொழிற்சாலை வரும்வரை எல்லையில் நிற்கிறவனுக்கு இன்றைக்கு என்ன உடுப்பு, என்ன துப்பாக்கி என்ற கணக்கில்தான் கோட்டை விட்டார். அந்நியச் செலாவணிக்கு நிதி இலாகா கையை விரித்தது என்று அவர் தரப்பில் சொல்வார்கள்; அது உண்மைதான். ஆனால் குளிர் தாங்காத உடுப்போடு படையை மலை ஏற்றலாமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. பழி முழுவதையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பதும் என் எண்ணம். அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை சர்க்கார் வெளியிடாமலே வைத்திருந்தது. 2014-ல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் மூலம் ஒரு பகுதி வெளியே வந்தது.

பிறகு மேனன் வக்கீலாகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1967-ல் காங்கிரஸ் சீட் கொடுக்கவில்லை. பம்பாயில் தனியாக நின்று தோற்றார். 1969-ல் வங்காளத்து மிட்னாபூரிலும், 1971-ல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்துத் திரும்ப லோக்சபாவுக்கு வந்தார். சுயசரிதை எழுதவில்லை. 1974 அக்டோபர் 6-ந் தேதி டில்லியில் காலமானார், வயது 78.

அன்று ரேடியோவில் செய்தி கேட்டபோது பெரியவர் ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாராம். தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். பெரியவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார் என்று பாட்டி சொல்வார்.

இப்போது இருவருமே இல்லை. எச்.வி.எஃப். 2021 அக்டோபரிலிருந்து ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற அரசு கம்பெனியின் கீழ் இருக்கிறது. தாத்தாவின் பழைய கேட் பாஸ், 1966-லிருந்து அவர் எழுதி வைத்த டைரிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ரீயூனியனுக்கு எடுத்து வருகிறேன். விஜயந்தா அசெம்பிளியில் வேலை பார்த்த சீனியர்கள் யாராவது வந்தால், அதில் அவர் சுருக்கமாக எழுதியிருக்கும் சில பார்ட் நம்பர்கள் என்னவென்று சொன்னால் உதவியாக இருக்கும். மத்தியானம் கேன்டீன் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இருப்பேன்.