றொஜர் வில்லியம்ஸ்: பகைத்த மதத்துக்கும் இடமளித்தவர்

1672ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், எழுபது வயதை நெருங்கிய ஒரு முதியவர் புறொவிடன்ஸ் நகரிலிருந்து நியூபோட் துறைமுகம் வரை, ஏறத்தாழ முப்பது மைல் தூரம், பகல் முழுவதும் தாமே துடுப்பு வலித்துச் சென்றார். நள்ளிரவை அண்டியே அவரது படகு கரையை அடைந்தது. மறுநாட் காலையில் குவேக்கர் மதப் போதகர்களோடு பகிரங்க விவாதம் நடத்துவதற்காகவே அவர் இத்துணைச் சிரமம் மேற்கொண்டார். குவேக்கரின் கொள்கைகளை அவர் அறவே வெறுத்தார். அவை ஆன்மாவைக் கெடுப்பன என்றே கருதினார். ஆயினும் அவர் வித்திட்ட றோட் ஐலண்ட் குடியேற்றத்தில் அக்காலத்தில் ஆளுநராக இருந்தவரே ஒரு குவேக்கர்தான். அண்டையிலிருந்த மசாசூசெற்ஸிலோ 1659 முதல் 1661 வரையான காலத்தில் நான்கு குவேக்கர் தூக்கிலிடப்பட்டிருந்தனர்.

வெறுத்த கொள்கையைச் சொல்லால் மட்டுமே எதிர்ப்பது என்ற இந்த உறுதி றொஜர் வில்லியம்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

அவர் ஏறத்தாழ 1603இல் இலண்டனில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்து, ஸ்மித்ஃபீல்ட் சந்தையை அண்டிய பகுதியில் வளர்ந்தார். 1612இல், அவர் சிறுவனாக இருந்தபோது, பார்த்தலோமியூ லெகேற் என்பவர் மதபேதக் குற்றத்துக்காக அதே ஸ்மித்ஃபீல்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவ்விடத்துக்கு அண்மையிலுள்ள நியூகேற் சிறையில் பின்னர் அடைபட்டவர் தோமஸ் ஹெல்விஸ். ஒல்லாந்துக்குத் தப்பியோடி அங்கு அடைக்கலம் பெற்றிருந்த அவர், துணிந்து தாயகம் திரும்பியவர். இங்கிலாந்து மண்ணில் முதலாவது பப்ரிஸ்ற் சபையை நிறுவியவர். மன்னனுக்குக் குடிகளின் உடலின்மேல் அதிகாரம் உண்டு, மனச்சாட்சியின்மேல் இல்லை என்றும், இவ்வுரிமை யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதே என்றும் நூல் எழுதிய அவர் 1616 அளவில் சிறையிலேயே மாண்டார்.

வில்லியம்ஸ் இளமையில் புகழ்பெற்ற நீதிபதி எட்வேட் கோக்கிடம் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றி, அவரது ஆதரவிலே கல்வி கற்று, 1627இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுக் குருவானார். 1631இல் மனைவி மேரியுடன் பொஸ்ரன் வந்திறங்கினார். பொஸ்ரன் சபை அவருக்குப் பதவி வழங்க முன்வந்தது. ஆங்கிலத் திருச்சபையினின்று முற்றாகப் பிரியாத சபையில் தாம் பணியாற்ற இயலாது என மறுத்துவிட்டார். இணங்கிப் போகும் சுபாவம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

மசாசூசெற்ஸின் பியூரிட்டன் தலைவர்கள் இங்கிலாந்தில் மத நெருக்குதலுக்கு உள்ளாகிக் கடல் கடந்தவர்கள். வந்த இடத்தில் தம் கையில் அதிகாரம் கிடைத்ததும், தமக்குச் செய்யப்பட்டதையே அவர்கள் பிறருக்குச் செய்தனர். அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர் பிறரை அடக்கமாட்டார் என்று நம்புவது எத்துணை பேதைமை என்பதைப் புலம்பெயர்ந்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வில்லியம்ஸ் இரண்டு விடயங்களைச் சொல்லி ஆட்சியாளரைச் சினமூட்டினார். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட குற்றங்களை நீதவான்கள் தண்டிக்கலாகாது என்பது ஒன்று. அமெரிக்கப் பூர்வீகக் குடிகளின் நிலத்தை அவர்களிடம் பெறாமல், ஆங்கில மன்னன் வேறெவருக்கும் வழங்க உரிமையற்றவன் என்பது மற்றது. பின்னையது மதக் கருத்தன்று. குடியேற்றத்தின் அடித்தளத்தையே அசைப்பது. 1635 ஒக்ரோபரில் அவரை நாடு கடத்தும்படி தீர்ப்பாயிற்று. வாய் திறவாதிருந்தால் வசந்தகாலம் வரை தங்கலாம் எனத் தவணை கொடுத்தனர். அவரோ தம் வீட்டிலேயே கூட்டங்கள் நடத்தினார். 1636 ஜனவரியில் அவரைக் கைதுசெய்து கப்பலேற்ற ஆட்கள் வந்தபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று நாட்களுக்கு முன்பே அவர் உறைபனிக்குள் வெளியேறியிருந்தார்.

அக்கடும் பனிக்காலத்தில் அவரைக் காத்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், பூர்வீகக் குடியினரே. அவர்களது மொழியை அவர் முன்னரே கற்றிருந்தார். நறகன்செற் இனத் தலைவர்களான கனோனிக்கஸும் மியன்ரொனோமியும் அளித்த நிலத்திலே 1636இல் புறொவிடன்ஸ் உருவாயிற்று. கடவுளின் பராமரிப்பு என்பதே அப்பெயரின் பொருள். பெரும்பான்மையினரின் முடிவு உலகியல் விடயங்களில் மட்டுமே குடிகளைக் கட்டுப்படுத்தும் என அங்கு குடியேறியோர் உடன்பட்டனர்.

1638 அளவில் அங்கே அமெரிக்காவின் முதலாவது பப்ரிஸ்ற் சபை தோன்றியது. விசுவாசத்தை அறிந்து ஏற்கும் வயதினருக்கே ஞானஸ்நானம் என்பது அச்சபையின் கொள்கை. வில்லியம்ஸும் அதனைப் பெற்றுப் பிறருக்கும் கொடுத்தார். ஆனால் சில மாதங்களிலேயே அச்சபையினின்று விலகி, எச்சபையிலும் சேராதவராக இறுதிவரை வாழ்ந்தார். எனினும் பப்ரிஸ்ற் மக்களுடன் அவரது உறவு முறியவில்லை. 1651இல் நியூபோட் சபையினரான ஜோன் கிளார்க், ஒபதியா ஹோம்ஸ், ஜோன் கிறண்டல் மூவரும் மசாசூசெற்ஸின் லின் என்னும் ஊரில் வாழ்ந்த, கண்பார்வையற்ற முதிய சபையார் ஒருவரைக் கண்டு வழிபடச் சென்றனர். அக்குற்றத்துக்காகச் சிறைப்பட்டனர். தண்டப்பணம் கட்ட மறுத்த ஹோம்ஸுக்குப் பொஸ்ரனில் முப்பது கசையடி விழுந்தது. வில்லியம்ஸ் அவர்களின் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் மசாசூசெற்ஸ் ஆளுநருக்குக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதே ஆண்டில் கிளார்க்கும் அவரும் குடியேற்றத்தின் உரிமையைக் காக்க ஒன்றாக இங்கிலாந்து சென்றனர். அங்கேயே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய கிளார்க் 1663இல் பெற்றுக்கொண்ட அரச சாசனம், மத விடயத்தில் எவரையும் தண்டிப்பதைத் தடுத்தது.

இதற்கு முன்பே, 1644இல், வில்லியம்ஸ் குடியேற்றத்துக்கு முதலாவது சாசனத்தை இலண்டனில் பெற்றிருந்தார். மதத் துன்புறுத்தலைக் கண்டித்து அவர் அவ்வாண்டு அங்கு வெளியிட்ட நூலை எரிக்கும்படி பாராளுமன்றம் கட்டளையிட்டது. சுதந்திரம் என்றால் ஒழுங்கின்மை என்று வாதிட்டோருக்கு 1655இல் ஒரு கப்பலை உவமை காட்டி விடையளித்தார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் யூதரும் முஸ்லிம்களும் பயணிக்கும் கப்பலிலே எவரையும் வழிபாட்டுக்கு வற்புறுத்தலாகாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கலாகாது. ஆனால் கப்பலைச் செலுத்தும் கட்டளை தலைவனுடையதே என்பது அதன் சாரம். 1657இல் அயற் குடியேற்றங்கள் குவேக்கரை வெளியேற்றுமாறு நெருக்கியபோது றோட் ஐலண்ட் இணங்கவில்லை.

அவரைத் தெய்வமாக்கிப் பாடுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். 1675 டிசம்பரில் ஆங்கிலக் குடியேற்றங்களின் கூட்டுப்படை நறகன்செற் மக்களின் கோட்டையைத் தாக்கி, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பெருந்தொகையானோரைக் கொன்றது. 1676 மார்ச்சில் அம்மக்கள் புறொவிடன்ஸை எரித்தபோது வில்லியம்ஸின் வீடும் சாம்பலாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில், சிறைபிடிக்கப்பட்ட பூர்வீகக் குடியினரை ஆண்டுக்கணக்கான அடிமைச் சேவகத்துக்கு விற்பதை ஒழுங்குசெய்த குழுவில் வில்லியம்ஸும் அங்கம் வகித்தார். தமக்கு அடைக்கலம் தந்த இனத்தின் மக்கள்! அவர்களது மொழிக்கு 1643இல் நூல் எழுதி அச்சிட்டவர், நிலவுரிமைக்காக நாடிழந்தவர், இதற்குத் துணைபோனார். முதுமையையோ போரின் வெறியையோ காட்டி இதனை மன்னிக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

1683இன் தொடக்கத்தில் அவர் வறியவராகவே காலமானார். அவரை நாடு கடத்திய தீர்ப்பை மசாசூசெற்ஸ் சட்டசபை 1936இல் இரத்துச் செய்தது.